கூரைப் பாலத்தில் ஒரு பெரட்டு

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னராசா பத்தொன்பது வருடம் கங்காணியாக இருந்தார். விடிகாலையில் வேலையாட்களைக் கூட்டிவைத்து, அன்றைய கூலிக்குப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அதற்கு மற்றக் கங்காணிமார் விசில் வைத்திருந்தார்கள். சின்னராசாவிடம் தொண்டை இருந்தது. அவர் ஒருமுறை கூப்பிட்டால் மூன்று லயத்து வரிசைவீட்டு ஆட்களும் வந்து நிற்பார்கள். ஒருநாள் எதிர்மலையிலிருந்து வேறு தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்களாம். அவர்களை அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஐம்பத்தாறு வயதில் அந்த வேலையை விட்டுப் பதுளைக்கு வந்து, பழைய கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினார். போகொட மரப்பாலத்துக்கு மட்டும் நூறு தடவையாவது ஆட்களைக் கொண்டுபோயிருப்பார். ஓடு வேய்ந்த கூரையோடு ஓயா என்கிற ஆற்றின் மேலே நிற்கும் அந்தப் பழைய பாலத்தில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. டிரைவர் என்றால் வண்டியோடு நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் வேறு மாதிரி. மகள் சுபாஜினியைப் பெண் பார்த்துவிட்டுப் போன பண்டாரவளைக் குடும்பம், முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருநாள் சேர்ந்து எங்கேயாவது போய்வரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தது. சுபாஜினி அதுவரை மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். இந்த ரஜீவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னராசா வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

காலையில் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற அப்பாவிடம் அவள் வந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒருநாள் கங்காணியா இருக்காதீங்க. வாயத் தொறந்தீங்கன்னா கெட்டுப் போயிரும்."

"அப்ப அப்பாவா இருக்கட்டுமா?"

"அதுவும் வேணாம். டிரைவரா இருங்க. போதும்."

அவர் டிரைவராக இருந்தார். ரஜீவின் அப்பா தம்பையா, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டில் ஒரு கதவோரம் ரஜீவ், மறு கதவோரம் சுபாஜினி, நடுவில் ரஜீவின் அம்மா விஜயலெட்சுமி. இளசுகள் இரண்டும் மனம்விட்டுப் பேசிப் பழகட்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

"நாங்க பரம்பரையா டவுன் ஆளுங்க," என்றார் தம்பையா. "தோட்டத்துப் பக்கமெல்லாம் நமக்குப் பழக்கமில்ல பாருங்க."

"ஆமாங்க," என்றார் சின்னராசா.

ஹாலிஎல தாண்டியதும் தம்பையா வெளியே வெட்டிவிட்ட தேயிலைச் செடிகளைப் பார்த்து, "கவ்வாத்து வெட்டுனது கொஞ்சம் பிந்திப் போச்சு," என்று முணுமுணுத்தார். தபால் கந்தோரில் கவ்வாத்தைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று சின்னராசா நினைத்துக்கொண்டார்.

கார் நிற்கும் இடத்திலிருந்து பாலத்துக்குப் படி இறங்க வேண்டும். நால்வரும் இறங்கினார்கள். சின்னராசா வழக்கம்போல வண்டியோடு நின்றார். மேலேயிருந்து பார்க்க எல்லாம் தெரிந்தது. ரஜீவும் சுபாஜினியும் பாலத்தின் நடுவில் நின்றார்கள். விஜயலெட்சுமி அவர்களுக்கு இடையிலேயே நின்று, மரத்தூணில் இருந்த வேலைப்பாட்டை அரைமணி நேரம் ஆராய்ந்தார். கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று தம்பையா ஓயாப் பக்கம் இறங்கிப்போனார்.

மேற்கே மலை கறுத்திருந்தது. இங்கே ஒரு துளி இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓயாத் தண்ணீர் நிறம் மாறி, பிளேன்டீ மாதிரி சிவந்து வருவதைச் சின்னராசா கண்டார். மேலே மழை கொட்டிவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் கீழே இருக்கும் பாறைகள் இருக்காது.

அவர் படியில் ஓடி இறங்கினார். முதல் தடவையாகப் பாலத்தில் ஏறினார். அதைக் கவனிக்க நேரமில்லை.

"ஐயா எங்கம்மா?"

"கீழதான் போனாரு," என்று எட்டிப் பார்த்த விஜயலெட்சுமி, "என்னங்க! என்னங்க!" என்றார். "அப்பா!" என்று ரஜீவ் கத்தினான். தண்ணீர் இரைச்சல் இரண்டையும் விழுங்கிவிட்டது. சின்னராசா பாலத்தின் மரக் கிராதியில் குனிந்து, "ஐயா! ஐயா, கொஞ்சம் வாங்க!" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். மரியாதை பத்தடி தூரம்கூடப் போகவில்லை.

அவர் மகளைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இடுப்பில் கைவைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"பெரட்டுக்கு வா...ங்க! டேய் தம்பையா! இன்னைக்குப் பேரு வேணுமா வேணாமாடா!"

கூரையிலிருந்து புறா எல்லாம் கிளம்பிப் போயின. பக்கத்து விகாரையில் பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு சிங்களக் குடும்பம் அப்படியே நின்றது.

பாலத்துக்குக் கீழே, பாறை மறைவிலிருந்து பதில் வந்தது.

"இந்தா வந்துட்டேங்க கங்காணி!"

தூக்கம் கலையாத தம்பையா, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டியபடி, சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஓடிவந்தார். சின்னராசாவுக்கு முன்னால் விறைப்பாக நின்று, தலையில் இல்லாத துண்டை அவிழ்த்தார். அதன் பிறகுதான் முழித்துக்கொண்டார்.

கீழே அவர் படுத்திருந்த பாறையைத் தண்ணீர் மூடியது. சப்பாத்தைப் போட்டுக்கொள்ள அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

எல்லாரும் காரில் ஏறித் திரும்பினார்கள். மூன்று வளைவு தாண்டியபின் தம்பையா முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"நான் லுணுகலைப் பக்கத்து லயத்துல பொறந்தவன். பதினாறு வயசு வரைக்கும் பெரட்டுல நின்னேன்."

"அப்பா?" என்றான் ரஜீவ்.

"நீ சும்மா இரு." பிறகு சின்னராசாவிடம், "எனக்குக் காய்ச்சல்னு எங்கம்மா ஒருநாள் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போச்சு. பேரு இல்லைன்னு கங்காணி திருப்பி அனுப்பிட்டாரு. நீங்க அப்பிடி அனுப்பியிருக்கீங்களா?"

சின்னராசா கண்ணாடியைப் பார்த்தார். அதில் மகளின் கண் மட்டும் தெரிந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் கலியாணம் நிச்சயமான மாதிரி.

"அனுப்பியிருக்கேங்க."

"வீட்டுல காய்ச்சக்காரப் புள்ளய வச்சிருந்த பொம்பளையையா?"

"அதக் கேக்கலைங்க. கேட்டா அனுப்ப மனசு வராதுன்னு கேக்கல."

சின்னராசா வைப்பரைப் போட்டார். மழை இங்கேயும் வந்துவிட்டிருந்தது.

"எங்க கங்காணி சாகுற வரைக்கும், நான் யாரையும் அனுப்பலன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு," என்றார் தம்பையா. அதை நல்லதாகச் சொல்கிறாரா கெட்டதாகச் சொல்கிறாரா என்று சின்னராசாவுக்கு விளங்கவில்லை. "ஹாலிஎலயில ஒரு கடையப் பாத்து நிப்பாட்டுங்க."

கடைக்காரர் ஸரூக், வாசலிலேயே இவர்களை எண்ணி ஐந்து பிளேன்டீ ஊற்றினார்.

"சீனி போடவா, மாத்தயா?"

தம்பையா உள்ளங்கையை நீட்டினார். "இதுல போடுங்க."

கடைக்காரர் ஒரு கரண்டி சீனியைக் கையில் கொட்டினார். தம்பையா அதை நாக்கால் தொட்டுக்கொண்டு, ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். மறுபடி தொட்டார். லயத்தில் எல்லாரும் அப்படித்தான் குடிப்பார்கள்.

"அப்பா, என்ன இது கடையில வச்சு..." என்று ரஜீவ் தொடங்கினான்.

"விடுடா," என்றார் விஜயலெட்சுமி. "வீட்டுல குசினிக் கதவச் சாத்திக்கிட்டு இருபத்தெட்டு வருசமா இப்பிடித்தான் குடிக்கிறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

சுபாஜினி சிரிப்பை அடக்கப் போய், தேத்தண்ணி மூக்கில் ஏறி இருமினாள். ரஜீவ் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். இடையில் அவன் அம்மா இல்லாமல் அவர்கள் பக்கத்தில் நின்றது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

தம்பையா கையைத் துடைக்கவில்லை.

"சம்பந்தி," என்றார் அவர், "ஒங்களுக்கும் சீனி கையிலதானே?"

சின்னராசாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கிளினிக்கில் டொக்டர் தைப்பொங்கலுக்கே இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். சின்னராசா கையை நீட்டினார்.