இரண்டாம் இலக்கத் தோட்டாவின் முதல் வெடி

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழர் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் தபோதரனிடம்தான் போவார்கள். வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினாலும், அலுவலகம் அன்ட்றாக் என்கிற விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினாலும் அவருடைய இரண்டு பத்தி ஜேர்மன் கடிதம் காரியத்தை முடித்துவிடும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற கை. வெள்ளைக்காரனுக்குக் கடுஞ்சொல் எழுதாதே என்பது முப்பத்தைந்து வருட அகதி வாழ்க்கையில் அவர் படித்த ஒரே பாடம். அந்தப் பாடம்தான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

பிழைப்பு ஒரு துப்பாக்கிப் பட்டறையில். வேட்டைக்காரரின் பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்புவது வேலை. வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மனிதர் இங்கே வெடிமருந்து நிறுக்கிறார் என்று சனம் கேலி செய்யும். அவரும் கூடச் சிரிப்பார். தராசின் முன்னால் மட்டும் சிரிக்கமாட்டார்.

போன கோடையில் கெல்னர் என்ற பல் வைத்தியர், நூறு வருடத்துக்கு மேல் பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் ஒன்றைக் கொண்டுவந்தார். யானைத் துப்பாக்கி. சிம்பாப்வேக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிறாராம். குழலில் 475, இரண்டாம் இலக்கம் என்று வெட்டியிருந்தது. தபோதரன் அதே இலக்கக் குண்டுகளை வரவழைத்து இருபது தோட்டா செய்து கொடுத்தார். கெல்னர் விமானம் ஏறினார்.

அடுத்த புதன்கிழமை, பதிவு அட்டையை நிரப்பப் பழைய தோட்டாப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் அந்த இலக்கத்தில் ஒளிந்திருந்த பொறி அவருக்குத் தெரிந்தது.

அந்தத் தோட்டாக்கள் பிறந்ததே பயத்தில். இந்தியாவில் குடிமக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த பழைய பட்டாளத் துப்பாக்கிகளின் குழல் 450 அளவு. வேட்டைக்கென்று கப்பலில் வரும் 450 குண்டு ஒருநாள் தன் நெஞ்சுக்கே திரும்பினால் என்ன செய்வது என்று பிரிட்டிஷ் அரசு அந்த அளவையே இந்தியாவுக்கும் சூடானுக்கும் தடைசெய்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். துப்பாக்கிக் கடைக்காரர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு மயிரிழை கூட்டி 465, 470, 475, 476 என்று புதுத் தோட்டாக்களை இறக்கினார்கள். இலக்கத்துக்கும் உண்மையான பருமனுக்கும் சம்பந்தமே இல்லை. 475 இரண்டாம் இலக்கம் என்ற ஒரே பெயரில் இரண்டு குண்டுகள் இருந்தன. ஒன்று மற்றதைவிட மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு பருமன்.

பட்டறை வழக்கப்படி உள்ளளவு பார்க்கக் குழலுக்குள் தள்ளி எடுத்த ஈயத்துண்டு அட்டையோடு உறையில் கிடந்தது. தோட்டா செய்யுமுன் அதை அளந்திருக்க வேண்டும். இலக்கத்தை நம்பி விட்டுவிட்டார். இப்போது அளந்தார். குழல் ஒடுக்கம். கெல்னர் கொண்டுபோனது பருத்த குண்டு. சுட்டால் குழல் வெடிக்கலாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேறக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

கெல்னரின் தொலைபேசி எடுபடவில்லை. வேட்டை முகாமுக்கு மின்னஞ்சல்தான் போகும். முதலாளி பிறாண்ட் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எழுதுங்கள். ஆனால் நம் பிழை என்று மட்டும் எழுதாதீர்கள்.”

தபோதரன் முதலில் ‘சுட வேண்டாம்’ என்றுதான் எழுதினார். வாசித்துப் பார்த்தார். மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. அழித்துவிட்டு, ‘தங்களுக்கு வசதிப்பட்டால், தாங்கள் சுடுமுன் ஒரு தோட்டாவைச் சோதித்துப் பார்ப்பது நல்லது’ என்று எழுதி, வாழ்த்தும் நன்றியும் சேர்த்து அனுப்பினார்.

நாலு நாள் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தேர். மனைவி கனகவல்லி அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

“இஞ்சாருங்கோ, ஏன் இப்பிடிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?”

“அந்தாள் இன்னும் பதில் போடேல்லை.”

“எழுதிப் போட்டியள்தானே. உங்கட கடிதத்துக்கு இரங்காத ஆள் ஆர்?”

தபோதரன் அர்ச்சனைத் தட்டோடு முன்னால் போனார். ஐயர் பெயர் கேட்டார். கெல்னர் என்றார். நட்சத்திரம் தெரியாது என்றார். ஜேர்மன்காரருக்கு அர்ச்சனை செய்வது ஐயருக்குப் புதிதல்ல. செய்துகொடுத்தார்.

தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் கைத்தொலைபேசி அதிர்ந்தது. கெல்னர்தான்.

‘உங்கள் ஆலோசனைக்கு நன்றி. அதன்படி நான் சுடவில்லை. விலங்குத் தடம் பார்க்கும் உள்ளூர் ஆளிடம் கொடுத்து முதல் வெடியை வைக்கச் சொன்னேன். குழல் பிளந்து அவனுடைய இடக்கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. எனக்கு ஒன்றுமில்லை.’

கனகவல்லி எட்டிப் பார்த்தாள். ஜேர்மன் அவளுக்கு அரைகுறை. கடைசி வரி மட்டும் விளங்கியது.

“அப்பாடா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.”

“ஆரின்ர தலையப்பா? ஆரின்ர தலைப்பாகை?” என்றார் தபோதரன்.

இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றார். ஐயர் பெயர் கேட்டார். தபோதரன் கெல்னரின் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். குழல் இருந்தது, விரல்களின் எண்ணிக்கை இருந்தது. பெயர் இல்லை.

ஒதுங்கி நின்று, ‘அவருடைய பெயர் என்ன?’ என்று அனுப்பினார். வாழ்த்தும் நன்றியும் இல்லாமல் ஜேர்மனில் அவர் எழுதிய முதல் கடிதம் அது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அர்ச்சனை முடிந்தது. பதில் வரவில்லை.