பதினோராவது குழி

ஒஹாயோவில் எந்தத் துப்பாக்கிச் சந்தை நடந்தாலும் மெர்ல் கிஸ்லிங் முதலில் செய்கிற வேலை, ஓர் உப்புத்தாளை எடுத்து மேசைக்கு மேலே ஆணியில் மாட்டுவது. தாளின் குறுக்கே சிவப்பு மையில் பட்டையாக ஒரு கோடு இழுத்திருப்பார். அதற்குப் பிறகுதான் நாற்காலியைப் பிரிப்பார். பழைய பட்டாளத்துத் துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்க்கிறவன், அதைத் தூக்கிச் சுமந்தவனின் கையையே தேய்த்து அழிக்கிறான் என்பது அவருடைய கட்சி. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

இத்தனைக்கும் இருபத்தாறு வருஷம் சவப்பெட்டிக் கம்பெனியில் உப்புத்தாள் பிடித்தே சாப்பிட்ட மனிதர். கம்பெனியை மூடிய பிறகுதான் பழைய துப்பாக்கிக் கட்டைகளைச் சரிசெய்கிற இந்த வேலைக்கு வந்தார். வேலை என்றால் வேலை, குறை சொல்ல முடியாது. கைபிடிக்கிற கழுத்தில் முறிந்த கட்டைக்குள் பித்தளைக் கம்பியை ஒளித்து வைத்துப் பசை போட்டு இறுக்குவார். பிய்ந்துபோன இடத்துக்கு, அதே வயசுள்ள உடைந்த கட்டையிலிருந்து துண்டு வெட்டி, ரேகையோடு ரேகை சேர்த்து ஒட்டுவார். ஒட்டு எங்கே என்று அவரே காட்டினால்தான் உண்டு. கைவேலை அத்தனை நேர்த்தி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

டுவைட் ஹாக் என்று ஒருவன் இருந்தான். பழைய கட்டைகளில் பட்டாளத்துப் பரிசோதனை முத்திரையைப் போலியாகக் குத்தி விற்கிறவன். பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்களின் சங்கத்து இரவுச் சாப்பாட்டில் நாற்பது பேர் எதிரில், மெர்ல் அவனுடைய கட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"அறுபது வருஷத்து முத்திரைங்கிற. இன்னும் சூடு ஆறலையேப்பா டுவைட்! அவசரத்துல அடுப்புலேருந்து நேரா தூக்கிட்டு வந்துட்டியா?"

மண்டபமே சிரித்தது. டுவைட் தட்டிலிருந்த பீன்ஸ் குழம்பைப் பாதியில் விட்டு எழுந்து போனவன்தான், திரும்ப வரவில்லை. அந்தக் கதையை மெர்ல் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் ரொவீனா டன்லப் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். அவள் கையில் இருந்தது, அவளுடைய அப்பா ஆஸ்கர் பசிபிக் போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானியத் துப்பாக்கி. வீடு மாற்றும்போது கீழே விழுந்து கட்டை கழுத்தில் விரிந்துவிட்டது.

"அந்த விரிசலை மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேணாம். அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு, ஹோம்ல இருக்காரு. இதை மடியில வெச்சுக்கணும்னு ஒரே பிடிவாதம்."

"அம்மா, இங்க உப்புத்தாள் நுழையாது" என்று மேலே கையைக் காட்டினார் மெர்ல்.

விரிசலை அழகாகச் சேர்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். கட்டையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளாக ஒரு வரிசை இருந்தது. எவனோ பட்டறை இடுக்கியில் தப்பாகப் பிடித்து அழுத்தியிருக்கிறான் என்று நினைத்தார். வெட்டுப்பட்ட காயமென்றால் விட்டிருப்பார். இது வெறுமனே அமுங்கிய மரம். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி ஏறி மரம் தானாக எழும்பும். தேய்க்கிற வேலையே இல்லை. தோளில் மாட்டுகிற தோல்வாரைக் கழற்றிவிட்டு, கையோடு கையாக அத்தனையையும் எழுப்பிவிட்டார். எத்தனை குழி என்று எண்ணக்கூட இல்லை. ஆளிவிதை எண்ணெய் தடவித் துடைத்ததும் கட்டை வழவழவென்று ஆனது. ரொவீனாவுக்கு இலவசமாக ஒரு உபகாரம் என்று சீட்டியடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"முடிஞ்சுதா? அப்பா நச்சரிக்கிறாரு. அவரோட ஆளுங்களை எண்ணணுமாம்."

"எந்த ஆளுங்க?"

"கீழ குழி குழியா இருக்கும் பாருங்க. அவரு கூட இருந்து செத்துப்போனவங்க. கப்பல்ல திரும்பி வரும்போது தோட்டா முனையை வெச்சு, பூட்ஸால தட்டித் தட்டிப் போட்டாராம். கட்டைவிரலால தடவிக்கிட்டே பேர் சொல்லுவாரு. எங்க காதுல விழாது, உதடு மட்டும் அசையும். எத்தனை பேருன்னுகூட எங்களுக்குத் தெரியாது."

மெர்ல் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, மேசையில் வழவழவென்று கிடந்த கட்டையைப் பார்த்தார். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் ஏச்சோடு போயிருக்கும். டுவைட் எழுந்து போன காட்சி கண்முன் வந்தது. அந்த நாற்பது பேரும் இப்போது தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. "வியாழக்கிழமை நானே ஹோமுக்கு எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேலைக்கு முன்னால் புகைப்படம் எடுக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். பத்து. அதே இடங்களில் திரும்பக் குழி போட, உருண்டை முனையுள்ள ஒரு கம்பியை எடுத்தார். பட்டப்பகலில், மனைவி அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் கதவைத் திரும்பிப் பார்த்தார். காபிப் பொடியையும் எண்ணெயையும் குழைத்துக் குழிக்குள் தேய்த்துப் பழசாக்கினார். டுவைட் இதைத்தானே செய்தான்! ஆனாலும் கை நடுங்கவில்லை. அது நடுங்காததை நினைத்தால்தான் இப்போதும் அவருக்கு ஆறவில்லை.

முதியோர் இல்லத்துக்குள் துப்பாக்கி கூடாது. அதனால் இரும்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வெறும் கட்டையை மட்டும் போர்வையில் சுற்றி எடுத்துப்போனார்.

ஆஸ்கர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ரொவீனா. எண்பத்துநாலு வயசு. கட்டையை வாங்கி மடியில் போட்டு, கழுத்துப் பக்கம் தடவினார்.

"நல்லா சேர்த்திருக்கப்பா. ஒட்டே தெரியலை. கெட்டிக்காரன்!"

மெர்லுக்கு அந்தப் பாராட்டு செருப்படியாக விழுந்தது. கிழவரின் கட்டைவிரல் அடிப்பக்கம் போனது. உதடு அசைந்தது. அன்றைக்கென்று சத்தமும் வந்தது.

"ஹென்செல்... பிக்கெட்... சார்ஜன்ட் தலர்..." விரல் நின்றது. "சார்ஜன்ட் குழி ஆழமா இருக்குமே. சரி, என் விரல்தான் மரத்துப்போச்சு." மேலே போனார். பத்தாவது பெயர் சொன்னபோது பத்தாவது குழியில் விரல் இருந்தது. அடுத்து, "லூயி மரேக்" என்றார். விரல் இறங்கிய இடம் வழவழவென்று இருந்தது. முன்னும் பின்னும் தேடினார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ரொவீனா, பேர் பதினொண்ணு வருது. குழி பத்துதான் இருக்கு."

"வயசாயிடுச்சுப்பா. மறதி எல்லாருக்கும் வர்றதுதானே?"

"மறந்தா பேர் கொறையணும்டி. கூட வருதே!" அவர் மறுபடி கட்டையைத் தடவினார். "அப்படின்னா இல்லாத ஒருத்தனை நானா செத்துப்போனவனாக்கிட்டேனா? இந்தப் பதினொரு பேர்ல யாரு பொய்? லூயியா? அவன் அம்மாவுக்கு நான்தானே கடுதாசி எழுதினேன்... எழுதினேனா?"

ரொவீனா அவர் முதுகைத் தடவிக்கொண்டே மெர்லைப் பார்த்து, என்ன செய்வது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள். அப்பாவுக்காக வருத்தப்பட்டு, மெர்லையே துணைக்கு அழைக்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கிழவர் மட்டும் மிச்ச நாளெல்லாம் லூயி மரேக் என்று ஒருவன் இருந்தானா என்று தேடிக்கொண்டிருப்பார்.

"ஐயா, குழிதான் பொய். பேர் பொய்யில்ல" என்றார் மெர்ல்.

எல்லாவற்றையும் சொன்னார். ஆவி வைத்தது, படத்தைப் பார்த்துப் பத்து குத்தியது, காபிப் பொடி, எல்லாம். படத்தில் தோல்வார் தொங்கிய இடத்தில் பதினோராவது மறைந்திருக்க வேண்டும் என்றார். "பிடிச்சு அழுத்தின தழும்புன்னு நெனைச்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு இதைச் செஞ்சேன்."

"விரிசலை மட்டும் பாருங்கன்னுதானே சொன்னேன்?" ரொவீனா எழுந்துவிட்டாள். "மேல தொங்கவிட்டிருக்கீங்களே ஒரு தாளு, யாரை ஏமாத்த?"

ஆஸ்கர் கையை உயர்த்தி மகளை அமர்த்தினார்.

"அப்போ லூயி இருந்தான்."

"இருந்தாருங்கய்யா."

கிழவர் நெடுமூச்சு விட்டார். முகத்தில் நிம்மதி தெரிந்தது, மன்னிப்பு தெரியவில்லை. கட்டையை மடியிலிருந்து தூக்கி, மெர்ல் இருந்த திசைக்கு நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ தம்பி. இது உன் கட்டை. இதுல இருக்கறது உன் குழி."

"இன்னொண்ணு போட்டுத் தரட்டுமாய்யா? நீங்க சொல்ற எடத்துல..."

"வேணாம்." ஆஸ்கர் இரண்டு கைகளையும் வெறும் மடியில் விரித்து வைத்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். கடைசிச் சுண்டுவிரலும் மடங்கியது.

"விரல் பத்துதான் இருக்கு தம்பி" என்றார். "அதனாலதான் கட்டையில வெச்சேன்."