பை நிறைய ஷூவும் ஒரு குதிகாலும்

போன வருடம் பள்ளி திறந்து கொஞ்ச நாளில், ஆம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் கணவர் சோல் ஒட்டும் பிரிவு. எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், ஷூவில் ஏதாவது ஒரு பாகம் செய்கிறவர்தான் வந்து திறப்பார். வினையே அதுதான்.

ஏழாவது படிக்கும் என் மகள் கோ-கோ நன்றாக ஆடுவாள். பள்ளி அணியில் சேர்த்துவிட்டார்கள், போட்டி வரப்போகிறது என்று ஒரே குதூகலம். அந்த நேரம் பார்த்துக் குதிகால் வலிக்கிறது என்று நொண்ட ஆரம்பித்தாள். சாயங்காலம் முன்பாதத்தை மட்டும் ஊன்றி வீட்டுக்கு வருவாள்.

என் கணவர் அவளுடைய பள்ளி ஷூவை எடுத்து வளைத்துப் பார்த்தார். "சோல்ல ஒண்ணும் இல்ல, தோலுதான் மட்டம்" என்றார். எதிர்வீட்டு பாய் தோல் வெட்டுகிறவர். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோல்ல இன்னா கொறை? பின்பக்கம் தையல்தாம்மா உறுத்துது" என்றார். பக்கத்து வீட்டு அக்கா தையல் பிரிவு. "தையல் சுத்தமா கீது, சோல்தான் கட்டை மாதிரி கீது" என்று அவர் பங்குக்குச் சொன்னார். கம்பெனிக்கு ஒரு ஜோடி திரும்பி வந்தால் ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைத்தான் கை காட்டும். அதே கூத்தை என் வீட்டு வாசலில் நடத்தினார்கள்.

ஒருவர் தட்டி மிருதுவாக்கினார், ஒருவர் பிரித்துத் தைத்தார், என் கணவர் புது ஜோடி வாங்கி வந்தார். வலி மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் அவர், "ஆட்டமே வேணாம், நிறுத்திடு. எலும்பு கிலும்பு ஒடைஞ்சிருந்தா இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டார். பிள்ளை அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள். எனக்குப் பயமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் சத்துவாச்சாரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். என் கணவர் எல்லா ஷூவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, சாம்பிள் காட்டுவது போல மேசையில் வரிசையாக வைத்தார். டாக்டரம்மா அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, மகளின் குதிகாலை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினார். அவள் துள்ளிவிட்டாள்.

"விளையாடும்போது இதுல எந்த ஷூ போடுவ?"

"எதுவும் போட மாட்டேன் டாக்டர். கோ-கோ வெறுங்கால்லதான் ஆடுவோம். அப்பதான் ஜாஸ்தி வலிக்கும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"யாரும்மா கேட்டீங்க? எல்லாரும் ஷூவக் கழட்டிக் குடுன்னுதான் கேட்டீங்க" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். வளரும் வயதில் குதி எலும்பின் பின்பகுதி இன்னும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காதாம். ஓடிக் குதிக்கும்போது கெண்டைக்கால் தசை அந்த இடத்தை இழுத்து இழுத்து வலி வருமாம். வளர்ந்து முடிந்தால் தானே போய்விடும், எலும்புக்கு ஆபத்தில்லை என்றார். ஆட்டத்தை விட வேண்டாம், வலி அடங்கும்வரை ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் போதும் என்றார். ஐஸ் ஒத்தடம், கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சி, ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்க மெத்தென்று ஒரு அட்டை. இப்போதைக்கு வெறுங்காலில் நடக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அதற்குள் வலி அடங்காததால் அந்தப் போட்டியை அவள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் பேசவே இல்லை. அரைப் பரீட்சை முடிந்த பிறகுதான் மறுபடி ஆட இறங்கினாள். இப்போது நன்றாக ஓடுகிறாள்.

தெருவே கூடி ஷூவைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், 'எப்போதடி வலிக்கிறது?' என்று ஒருத்தர் அவளைக் கேட்டிருந்தால் போதும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, அதில் பாதி என் மேலேயே.