சிரட்டைக்குள் அகப்படாத தோணி

கிடுகுக் கூரையில் மாரி மழை கொட்டும்போதெல்லாம் குங்கிலியமும் ஊறிய பலகையும் கலந்த ஒரு மணம் எனக்கு இன்றைக்கும் மூக்கில் ஏறும். அது எங்கள் சூசை மாமா வீட்டு மேசையின் மணம். மாமிக்குச் சீதனமாக வந்த அந்த மேசைதான் வாவிக்கரை ஓரத்தில் இருந்த எங்கள் ஒழுங்கைக்கே ஒரே மேசை, ஆனால் அதில் இருந்து யாரும் சோறு தின்று நான் கண்டதில்லை. வெயில் காலத்தில் மாமா அதன்மேல் வலையைப் போட்டுக் கிழிசல் பொத்துவார். வெள்ளம் ஏறிப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்களில் அது எங்களுடையது. எங்கள் என்றால் மாமாவின் மகள் திரேசா மச்சாள், அவளுக்கு இளையவன் இராயப்பு, பிறகு நான்.

அந்த விளையாட்டை யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களே உண்டாக்கினோம். புளியங்கொட்டைகள் எங்கள் படை, நெருப்புப் பெட்டிகள் வீடுகள், சோகி என்கிற சோழியை உருட்டி விழுகிற அளவுக்குப் படை நகரும். சோகி எல்லாம் மல்லாந்து விழுந்தால் ஒரு மந்திரம் போடலாம். மந்திரங்களில் பெரியது "சிரட்டைத் தீ". தேங்காய்ச் சிரட்டையை எதிரியின் படைமேல் கவிழ்த்தால் உள்ளே அகப்பட்ட கொட்டையெல்லாம் எரிந்த கணக்கு. சொல்ல லேசாக இருக்கிறது, ஆனால் சிரட்டையின் விளிம்பில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகக் கிடக்கிற கொட்டைக்கு என்ன விதி என்பதில் எங்கள் பாதிப் பகல் போய்விடும். செத்தது என்பான் இராயப்பு. கால்தான் கருகியது, நொண்டிக்கொண்டு தப்பிவிட்டது என்பேன் நான். சிரட்டைக்குள் அவனுடைய கொட்டையும் ஒன்று கிடந்துவிட்டால், தன் தீ தன் ஆளைச் சுடாது என்று அடம்பிடிப்பான். மூத்தவள் என்றபடியால் தீர்ப்புச் சொல்வது திரேசாதான்.

"சுடாதெண்டா அம்மாட கையில தழும்பு எப்பிடிடா வந்த? அவதானே அடுப்ப மூட்டினவ."

இன்னொரு மந்திரம் "வெள்ளம்". கோப்பைத் தண்ணீரை மேசையில் ஊற்றினால், அது ஓடித் தொட்ட கொட்டையெல்லாம் போச்சு. அதற்குப் பயந்து இராயப்பு ஒருநாள் தன் கொட்டைகளையெல்லாம் வலை நூலால் கோத்து நெருப்புப் பெட்டியில் கட்டி வைத்தான். தண்ணீர் ஒரே ஒரு கொட்டையைத்தான் தொட்டது. திரேசா நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, "கட்டினா ஒண்டுதான். ஒண்டில பட்டா எல்லாத்திலயும் பட்டது" என்றாள். முழுப் படையையும் இழந்த இராயப்பு மேசைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான், சோற்றுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

மாமாவுக்கு இதெல்லாம் பகிடி. மந்திரவாதிகளெல்லாம் எழும்புங்கோ, வலைக்கு இடம் வேணும் என்பார். மாமிக்கோ மந்திரம் என்ற சொல்லே ஆகாது. செபமாலை நேரம் வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படைகளை விளக்குமாற்றால் கூட்டி ஒதுக்கிவிடுவா.

மாரி ஓய்ந்து தோணிகள் தொழிலுக்கு இறங்குமுன் எங்கள் பாதிரியாரான சுவாமி வந்து, கரையில் நின்று செபம் சொல்லி, வரிசையாகக் கட்டியிருக்கும் தோணிகளுக்கு மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். அது படாத தோணியில் எங்கள் ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள். அந்த வருடம் மாமா புதுத் தோணி செய்வித்திருந்தார். குங்கிலியம் பூசி முடியப் பிந்திவிட்டதால் அவர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வரிசை நிறைந்துவிட்டது, சுவாமியும் தெளித்து முடிக்கிற நேரம். கடைசியில் எங்கேயோ கிடந்த அந்தத் தோணிப் பக்கம் ஒரு வீசு வீசிவிட்டுத் திரும்பினார். வாடைக்காற்று எதிர்த்து அடித்தது. அன்று பின்னேரமே சுவாமி மற்ற ஊர்களுக்குப் பஸ் ஏறிவிட்டார். இனித் தவக்காலத்துக்குத்தான் வருவார்.

ஒரு துளியும் படவில்லை, நான் கண்ணால் கண்டேன் என்றா மாமி. சுவாமி தோணியைப் பார்த்தவர்தானே என்றார் மாமா.

"பாத்தாப் போதுமோ? தண்ணி படோணும்" என்றா மாமி.

வீட்டில் ஒரு போத்தல் மந்திரித்த தண்ணீர் இருந்தது. அதைத் தெளிக்கலாமே என்று மாமா கேட்டதற்கு, அது வீட்டுக்கு மந்திரித்த தண்ணீர், தோணிக்கு ஆகாது என்று முடித்துவிட்டா. ஊரெல்லாம் மீன் கறி மணக்க, மாமா வீட்டில் காலையும் மரவள்ளிக் கிழங்கு, இரவும் மரவள்ளிக் கிழங்கு. இருந்த காசையெல்லாம் தோணியில் போட்டிருந்தார்கள், தோணியோ கரையில் காய்ந்துகொண்டு கிடந்தது.

ஒரு மத்தியானம் மாமா வந்து எங்களோடு மேசையில் குந்தினார். "எங்க புள்ள, உங்கட பெட்டியள இப்பிடி வைய்" என்றார். நெருப்புப் பெட்டிகள் தோணிகளாக வரிசையில் நின்றன. மெழுகுதிரித் துண்டு சுவாமி. இராயப்பு கன்னத்தை உப்பிக்கொண்டு வாடைக்காற்றாக ஊதினான், திரேசா விரலை நனைத்துத் தெளித்தாள். எத்தனை தரம் தெளித்தாலும் கடைசிப் பெட்டி காய்ந்தபடியே இருந்தது. மாமி குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தா.

இராயப்பு ஊதுவதை நிறுத்தினான். "அப்பா, அண்டைக்குத் தோணிய எதில கட்டினீங்க?"

கட்டுவதற்கு முளை ஒன்றும் மிச்சம் இல்லாததால் பக்கத்தில் நின்ற கபிரியேல் அண்ணரின் தோணியில் கட்டினேன் என்றார் மாமா. நாங்கள் எல்லாரும் திரேசாவைப் பார்த்தோம்.

"கட்டினா ஒண்டுதான்" என்றாள் அவள்.

"அது புளியங்கொட்டைக்குத்தான்கா" என்றா மாமி.

"கயிறு கயிறுதானேம்மா."

மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கபிரியேல் அண்ணரின் படலைக்குப் போனா, நாங்களும் பின்னால் ஓடினோம். உங்கள் தோணியில் தண்ணீர் பட்டதா என்று கேட்டா.

"பட்டதாவோ? கண்ணுக்க விழுந்து, பூசை முடியுமட்டும் கசக்கிக்கிட்டு நிண்டனான்."

"தோணியிலயோ நிண்ட நீங்க?"

"மறுகா என்ன, மரத்திலயோ?"

அடுத்த நாள் விடியவே மாமா தொழிலுக்குப் போனார். ஆனால் வீட்டுத் தண்ணீர்ப் போத்தல் அன்று அரைவாசியாகக் குறைந்திருந்ததைத் திரேசா கண்டுபிடித்தாள். மாமியிடம் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

தவக்காலத்தில் சுவாமி வந்ததும் மாமி முழுக் கதையையும் சொல்லி, தண்ணீர் எவ்வளவு தூரம் சேரும் என்று கேட்டா. நூலில் கோத்த புளியங்கொட்டை வரும்வரை சுவாமி சிரிக்காமல் கேட்டார்; பிறகு சிரிப்புத் தாங்காமல் கதிரையில் இருந்துவிட்டார்.

"தங்கச்சி, வாவி முழுக்கத்தான் நான் மந்திரிச்சது" என்றார்.

மாமா தலையைச் சொறிந்தார். "அப்ப முதலைக்கும் சேத்தோ சாமி?"

"அதையும் ஆண்டவர்தானே படைச்சவர்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இராயப்பு, ஒன்றில் பட்டால் எல்லாவற்றிலும் பட்டது என்ற விதியைச் சுவாமியே சரியென்று சொல்லிவிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

மாமாவும் மாமியும் இப்போது சேமக்காலைக் கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். மேசை ஒரு புயலில் கூரையோடு போயிற்று, திரேசாவும் இராயப்பும் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், கரையில் நிற்பதெல்லாம் எஞ்சின் பூட்டிய பைபர் தோணிகள், புளியங்கொட்டையைச் சேர்த்து வைக்க எந்தப் பிள்ளைக்கும் தோன்றுவதில்லை. முழங்கால் நோவால் நான் கோயிலில் கடைசி வாங்கில்தான் இருப்பேன். உயிர்த்த ஞாயிறுப் பூசையில் சுவாமி தெளிக்கிற தண்ணீர் அங்குவரை வருவதில்லை. வாவி முழுவதற்கும் என்று அன்றைக்கு அந்தச் சுவாமி சொன்னதை நான் மறக்கவில்லை, அதை நம்பித்தான் இத்தனை காலமும் சீவித்தேன். என்றாலும் அந்த நேரம் மட்டும் எனக்கு முன்னால் உள்ள வாங்கில் நிற்கிற பெண்ணின் சேலைத் தலைப்பை ஒரு விரலால் மெல்லப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை அவள் திரும்பி, என்ன என்று கண்ணால் கேட்டாள்.

"ஒண்டுமில்லகா, நீ முன்னுக்குப் பார்" என்றேன்.