மைக்கில் என்னைக் கேட்டவர்

துறைமுகத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தில் எங்கள் வேலைத்தளத்து ஒன்றுகூடல் நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கியிருந்தது. டிஜே நரைத்த தாடிக்காரர். ஆடுபவர்களை அவர் பார்க்கவேயில்லை. கதிரையில் இருப்பவர்களின் கால்கள் தாளம் போடுகின்றனவா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று, தமிழ்ப் பாட்டுக் கேட்டவர்களும் சிங்களப் பாட்டுக் கேட்டவர்களும் அவர் மேசைக்கு முன்னால் முட்டிக்கொண்டார்கள்.

"இவ்வளவு நேரமும் உங்கட பாட்டு. இனி எங்கட!"

"போடச் சொல்லு பாப்பம், வயரைப் பிடுங்கி எறியிறன்!"

ஒருவன் மற்றவனின் சட்டையைப் பிடித்தான். டிஜே பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார்.

"ஓரமா இருக்கிற தங்கச்சி, உங்கட கால் இன்னும் ஆடவேயில்லை. உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

மண்டபமே என் பக்கம் திரும்பியது. இரண்டில் எந்த மொழியைச் சொன்னாலும் அடி விழும்.

"பழைய ஹிந்திப் பாட்டு ஏதாவது," என்றேன்.

போட்டார். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்காது, ஆனால் எல்லா வீட்டு வானொலியிலும் கேட்ட பாட்டு. சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. இரண்டு பக்கத்திலும் வாய்க்குள் பாடத் தொடங்கினார்கள்.

போகும்போது, "நல்லாச் சமாளிச்சீங்கள், அண்ணை," என்றேன்.

"நானோ? சின்னனிலேருந்து எனக்கு உயிரான பாட்டு அது, தங்கச்சி. எங்க போனாலும் கொண்டுதான் போறனான். இண்டைக்குத்தான் ஒரு ஆள் கேட்டது!" என்று கண் கலங்கச் சிரித்தார்.

அந்தச் சண்டை அவர் கண்ணில் பட்டதா என்பதே எனக்கு இன்றும் சந்தேகம்.