அந்தோணி அண்ணன் விட்டுக்கொடுத்த இடம்

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "கேபிளை ஒருதரம் கழட்டி மாட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள். அப்படிப்பட்டவனுக்கே இது நடந்தது என்றால் என் மனைவியே நம்பவில்லை. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை.

அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று, அந்தோணி அண்ணனும் அவர் தம்பி சேவியரும் சேர்ந்து நடத்தியது. கடை சர்வரில் ஒரே ஒரு பெரிய டிஸ்க். நான்தான் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு 'அண்ணன்', மற்றதற்கு 'தம்பி' என்று பெயர் வைத்துக் கொடுத்தேன். அண்ணன் திடீரென்று மாரடைப்பில் தவறிவிட்டார். அவர் பக்கம் பெரும்பாலும் காலியாகக் கிடக்க, தம்பி பக்கம் வைகாசி முகூர்த்தங்களில் நிரம்பி வழிந்தது.

"அண்ணன் பக்கத்துலயே போட்டுக்கங்களேன்" என்றேன்.

"அது மதினி பாகம்ணே, அதுக்குள்ள எஞ்சாமானத்த வைக்க மாட்டேன்" என்றார் சேவியர், மதினி என்று அவர் சொன்னது அண்ணன் சம்சாரத்தை. "சும்மா கெடக்குற எடத்துல பாதிய மட்டும் எம்பக்கம் தள்ளி விடுங்க."

கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் இரண்டு பக்கத்தையும் இமேஜ் எடுப்பது, அதாவது உள்ளே இருப்பதையும் எல்லை எங்கே நிற்கிறது என்பதையும் அச்சு அசலாக வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைப்பது. பிறகு சர்வரில் இரண்டையும் அழித்து, புது அளவில் பிரித்து, நகலிலிருந்து திரும்ப நிரப்புவது. அழித்த பிறகு அந்த நகல் ஒன்றுதான் கதி. ஊரில் பாதிப் பேர் கல்யாணம் அதில் இருக்கிறது, அண்ணன் கடைசியாக எடுத்ததும் இருக்கிறது.

நிரப்பி முடித்துப் பார்த்தால், எல்லை பழைய இடத்திலேயே நிற்கிறது.

முழு டிஸ்க்காகத் திரும்பப் போட்டால் பழைய அளவே வந்துவிடும், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்புதான். அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, நகலைத் திறந்து பழைய எல்லையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, இரண்டாம் தடவை ஒவ்வொரு பக்கமாகத் தனித்தனியே போட்டேன். சேவியரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மறுபடியும் அதே இடம்.

"பார்ட்டிசன் நகர மாட்டேங்குது சேவியர்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சர்ச்சில் பூசை முடிந்து டீ கொண்டுவந்த ஆரோக்கியமேரி அக்கா, அந்தோணி அண்ணன் சம்சாரம், வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சொன்னது டிஸ்க்கின் பாகத்தை. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் பார்ட்டிசன் என்றால் சொத்தைப் பாகம் பிரிப்பதுதான், வேறு அர்த்தம் கிடையாது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லாம பார்ட்டிசன் போடுறீகளா தம்பி? அவுக இல்லைன்னதும் நானும் எம்புள்ளையும் யாரோவாப் போயிட்டமா?"

சேவியர் பதறிப்போனார். "ஐயோ மதினி, இது கம்ப்யூட்டருக்குள்ள..."

நான் திரையைக் காட்டி விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "கம்ப்யூட்டரா இருந்தா என்ன? அவுக பாகந்தான? கேட்டுட்டுல்ல எடுக்கணும்."

சேவியர் எழுந்து நின்றார். "தப்புதேன் மதினி. இப்பக் கேக்குறேன், கொஞ்சம் எடம் குடுங்க."

அக்கா எங்களைப் பார்க்கவில்லை. திரையில் 'அண்ணன்' என்று இருந்த இடத்தை விரலால் தொட்டு, "ஏங்க, தம்பிக்குக் கொஞ்சம் விட்டுக் குடுங்க. நம்ம புள்ளைக்கும் மிச்சம் வச்சுக்கங்க" என்றார். அடுத்த அறையில் இருக்கும் மனுஷனிடம் சொல்வது மாதிரியே சொன்னார்.

மூன்றாம் தடவை அதே வேலையை அப்படியே செய்தேன். எல்லை நகர்ந்தது. ஆனால் நான் போட்ட அளவுக்கு இல்லை. காலியிடத்தில் பாதி என்று போட்டிருந்தேன், கால் பங்குதான் நகர்ந்திருந்தது.

"எங்கண்ணன் எப்பவும் இப்படித்தேன், கேட்டதுல பாதிதேன் குடுக்கும்" என்று சொல்லிச் சேவியர் அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. "நாங் கேட்டேன், குடுத்துட்டாக" என்றார். அண்ணன் போனபிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். இன்றைக்கும் கல்லறைத் திருநாளில் பார்த்தால் அதையேதான் சொல்வார்.

சாப்ட்வேர் கோளாறு என்று சொல்லுங்கள், நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன், போன மாதம் வரைக்கும்.

அந்த வெளி டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்தேன். அக்கா டீ கொண்டுவருவதற்கு முன்னால், எதையும் தொடுவதற்கு முன்னால் எடுத்த நகல் அது. அதன் பிறகு அதை யாரும் மாற்றவில்லை. சும்மா திறந்து பார்த்தேன். அன்றைக்குப் பழைய இடத்தில் என் கண்ணால் பார்த்த எல்லை, அதற்குள்ளும் நகர்ந்து நிற்கிறது. அதே கால் பங்கு.

அப்படியென்றால் யாரும் கேட்பதற்கு முன்பே அவர் கொடுத்துவிட்டு, அன்றைக்கு என் கண்ணுக்கு மட்டும் காட்டாமல் வைத்திருந்தாரா? பிறகு எதற்கு இரண்டு தடவை தடுத்தார்? தம்பி மதினியிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும் என்றா?

தான் கேட்டதால்தான் கொடுத்தார் என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிஸ்க் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. அழிக்க மனசில்லை, இன்னொரு முறை திறந்து பார்க்கத் துணிச்சலும் இல்லை.