கையெழுத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை

பெப்ரவரி மாதத்தில் ஒரு பின்னேரம். பேரன் கவின் கம்பஸால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றான். சப்பாத்தில் இருந்த பனி கரைந்து கார்பெட்டில் ஊறியது. ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

“அம்மம்மா, எல்டர் கார்வர் செத்துப்போனார். கார் அக்சிடென்ட். ஐடஹோவில, ஐஸ் றோட்டில.”

போனில் படம் காட்டினான். அதே சிரிப்பு, அதே பெரிய காதுகள். படத்துக்குக் கீழே பெயர் போட்டிருந்ததை வாசித்தான்: நேதன் கார்வர், வயது இருபத்திரண்டு. மூன்று வருடத்துக்கு முந்தி எட்டு மாதமாக எங்கள் வீட்டுக்கு வந்து போன பிள்ளை. அவனுடைய பெயர் நேதன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் இரண்டு வருடம் வீடு வீடாக ஊழியத்துக்கு வருகிற பெடியன்களுக்கு அது முடியும்வரை சொந்தப் பெயர் கிடையாது. நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டியில் ‘எல்டர்’ என்றும் குடும்பப் பெயரும் மட்டும்தான். எல்டர் என்றால் மூப்பர் என்று கவின் சொன்னபோது நான் சிரித்தேன். பத்தொன்பது வயதில் மூப்பர்!

ரொறன்ரோ மல்வேர்ன் முதியோர் சங்கத்தில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். எங்கள் கூட்டம் முடிந்ததும் கேட்காமலே கதிரை அடுக்கி வைத்துவிட்டுப் போன வெள்ளைக்காரப் பிள்ளை அவன்தான். தன் மகனைத் தெரிந்தவர்கள் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லி அவனுடைய தாய் கேட்டிருக்கிறாள். கவின் இதை இங்கிலிஷில் மாற்றி அனுப்புவான். முதலில் எங்கள் சங்க மலரில் வரட்டும் என்று எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையை மலர்க்குழுவினர் திருத்துங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதல் நாள் அவன் எங்கள் கதவைத் தட்டியபோது, கரண்ட் கம்பனி மாற்றச் சொல்லி வருகிற ஆட்கள் என்று நினைத்தேன். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ரை, தோளில் பை. கூட இன்னொரு பெடியன். அவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். கூட வருகிறவன் மாறிக்கொண்டே இருப்பான். வெளியில் சரியான குளிர். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். இரண்டு பேரும் கோப்பையைத் தொடவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் வாய் நனைக்காமல் எழும்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். “ஏன் தம்பி, எங்கட வீட்டில குடிக்கமாட்டீரோ?” என்று கேட்டேன்.

அவனுக்குப் பாஷை விளங்கவில்லை, ஆனால் என் குரல் விளங்கிவிட்டது. முகம் சிவந்துபோனது. கவின் வந்து விளங்கப்படுத்தினான். அவர்களுடைய சமயத்தில் தேத்தண்ணியும் கோப்பியும் விலக்காம். அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். பிறகு இன்னொன்று கேட்டான். பிறகு மூன்றாவதும். மூன்றாவது கிளாசைக் குடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, “காணும் காணும், இனிப் போதும், எனக்குக் கோவம் இல்லை” என்றேன். அவன் எங்கள் வீட்டில் கற்ற முதல் தமிழ்ச் சொல் ‘காணும்’.

அதற்குப் பிறகு தமிழைப் பொறுக்கத் தொடங்கினான். சபை அவனுக்குத் தமிழ் படிப்பித்து அனுப்பவில்லை. எங்கள் வீடுகளில் கதவு திறந்தவர்களிடம் ஒவ்வொரு சொல்லாக எடுத்தான். எழுத்தைப் போனில் பார்த்துப் பழகினான். பஸ்ஸில் வேலைக்குப் போகிற எங்கள் ஆட்களிடம் தமிழ்க் கடைப் பலகைகளை வாசித்துக் காட்டி, சரியோ பிழையோ என்று கேட்பானாம்.

ஆனால் சபைக்கு ஒருவரும் போகவில்லை. பக்கத்து வீட்டு றோஸ்மேரி மன்னார்க் கத்தோலிக்கர். அவர் வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நாங்கள் ஐந்நூறு வருசமா வேதக்காரர். நீங்கள் எப்ப தொடங்கினனியள்?”

“இருநூறு வருசம் அன்ரி.”

“அப்ப இன்னும் முந்நூறு வருசத்தால வாரும்.”

அதை அவனே எனக்கு நடித்துக் காட்டிச் சிரித்தான். அடுத்த முறை பனி கொட்டினபோது முதல் வேலையாக றோஸ்மேரியின் வாசல் பனியைத்தான் வழித்தான்.

ஒரு நாள் மழையில் நனைந்து வந்தவனிடம், “எத்தினை பேர் கதவைச் சாத்தினவை?” என்று கேட்டேன். “அது எண்ணுறேல்லை அம்மம்மா. திறந்த கதவைத்தான் எண்ணுறனான். இண்டைக்கு ஆறு” என்றான். “வேண்டாம் எண்டு சொன்னவையும் திறந்துதானே சொன்னவை” என்றும் சொன்னான். நான் இரண்டு நாள் அதை நினைத்துச் சிரித்தேன்.

அவன் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான் என்று நினைக்காதீர்கள். தகப்பனும் அண்ணனும் இதே ஊழியத்துக்குப் போனவர்கள். அண்ணன் பிரேசிலில் எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவனாம். அந்தப் படங்கள் எல்லாம் தாயின் வீட்டுச் சுவரில் இருக்கிறதாம். “என்ர படம் ஒண்டும் இல்லை அம்மம்மா” என்று ஒருநாள் சொன்னான். மேசையில் கிடந்த உழுந்தைக் குவித்துக் குவித்துக் கலைத்தபடி சொன்னான். நான் காலையில் விபூதி பூசுகிறவள். “உங்கட சபைக்கு நாங்கள் வரமாட்டம், ஆனா நீர் எங்கட வீட்டுக்கு வந்து போறீர்தானே” என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

அந்த நேரம் கவினுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் இன்னொருவனோடு அடிபட்டு, ஒரு கிழமை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மருமகன் லொறி ஓட்டுகிறவர், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில். மகள் இரவு வேலை முடிந்து வந்து பகலில் படுப்பாள். பெடியனை யார் பார்ப்பது? கார்வர்தான் அவனைச் சபைக் கட்டடத்துக்குப் பாஸ்கெட்போல் விளையாடக் கூட்டிப் போனான். மூன்று மாதத்தில் கவின் மாறிவிட்டான். கதவை அடித்துச் சாத்துவதை விட்டான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தான். எனக்குச் சந்தோஷம்தான். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

என் பிழை அங்கேதான். பள்ளிக்கூடக் கடதாசிகளுக்கு எங்கள் வீட்டில் கையெழுத்து வைக்கிறவள் நான்தான். மகளை எழுப்பப் பாவமாக இருக்கும். இங்கிலிஷில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. “அம்மம்மா, சைன்” என்று கவின் நீட்டுவான். மிருகக்காட்சிச்சாலை ட்ரிப்பாக இருந்தாலும் மியூசியமாக இருந்தாலும் நான் தமிழில் ‘பரமேஸ்வரி’ என்று அழகாக எழுதிக் கொடுப்பேன். அந்த வசந்தத்திலும் ஒன்று நீட்டினான். எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, கவின் பள்ளிக்கூடம் போன நேரம் கார்வர் வந்தான். கூட வந்தவன் வாசலோடு நின்றுகொண்டான். கார்வர் சிரிக்கவில்லை. ஒரு கடதாசியை மேசையில் விரித்தான்.

“அம்மம்மா, இது உங்கட கையெழுத்தோ?”

“ஓம், என்ரைதான். பள்ளிக்கூட ட்ரிப்புக்கு வைச்சது.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். சேட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். “இதை வாசியுங்கோ.”

“நீரே சொல்லுமன்.”

“இல்லை. நான் சொன்னா என்ர தமிழ் பிழைக்கும். நீங்களே வாசிச்சா உங்களுக்கு வடிவாத் தெரியும்.”

அந்தத் தாளில் அவனே தமிழில் எழுதியிருந்தான். முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. வெட்டி வெட்டித் திருத்தியிருந்தான். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கவின் எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறான். அதற்குத் தாய் தகப்பனின் சம்மதம் வேண்டும். நீங்கள் கையெழுத்து வைத்த கடதாசி அந்தச் சம்மதம். நீங்கள் தாய் இல்லை. இது இங்கிலிஷ், கையெழுத்துத் தமிழ். நீங்கள் வாசிக்காமல் வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பேரன் என்னை ஏமாற்றிப்போட்டான் என்பது முதலில் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. முன்னால் நின்றவன்தான் கண்ணில் பட்டான்.

“நீ என்ர பிள்ளையைக் கள்ளமாப் பிடிக்க வந்தனியோ?”

“இல்லை அம்மம்மா. கள்ளம் வேண்டாம் எண்டுதான் வந்தனான்.”

நான் அந்தக் கடதாசியைக் கிழித்தேன். அவன் எழுதிக் கொண்டுவந்த தாளையும் சேர்த்துக் கிழித்தேன். அவன் தடுக்கவில்லை. “வெளியில போ, இனி இந்தப் பக்கம் வராதை” என்றேன். அதுவரைக்கும் அவனை ‘நீர்’ என்றுதான் பேசியிருந்தேன். “சரி அம்மம்மா” என்று வாசலில் குந்திச் சப்பாத்துக் கட்டப் பார்த்தான். கயிறு அவனுடைய கைக்கு அகப்படவில்லை. கூட வந்தவன் குனிந்து கட்டிவிட்டான்.

பின்னேரம் கவினிடம் கத்தினேன். அவன் அதைவிடப் பெரிதாகக் கத்தினான். “அவர் ஏன் உங்களிட்ட வந்து சொன்னவர்? ஸ்னிட்ச்! காட்டிக் குடுத்திட்டார்!” போனில் அவனுடைய நம்பரையும் தடுத்துவைத்தான். இப்படி ஒரே நாளில் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் அவனை விட்டோம்.

ஒரு கிழமைக்குப் பிறகு, கோபம் ஆறின நேரத்தில், கவின் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்தபடி சொன்னான்: “ஞானஸ்நானத்துக்கு டேட்டும் போட்டிருந்தது அம்மம்மா. போன சனிக்கிழமை. அவர் போக மூண்டு கிழமைதான் இருக்கு. இரண்டு வருசத்தில அவருக்கு நான்தான் முதல் ஆள். நான்தான் கடைசி ஆளும். அவர் சும்மா இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

நான் சோற்றை வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவினேன்.

கார்வர் ஊருக்குப் போவதற்கு முதல் நாள் பெல் அடித்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். அவன்தான். மகள் வேலையில். கவின் மேலே, அறைக்குள். எனக்குக் கோபம் இல்லை. வெட்கம். அவனுடைய முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றேன். அவன் இரண்டாம் தரம் அடிக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று, “அம்மம்மா, போட்டு வாறன்” என்றான். போகிறேன் என்று சொல்லக்கூடாது, போட்டு வாறன் என்றுதான் சொல்லவேண்டும் என்று எங்கள் ஆட்களில் யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படி இறங்கிப் போனான். அன்றைக்கு அவன் எண்ணின கதவுகளில் என்னுடையது இல்லை.

அடுத்த வருடம் கவின் தானாக அவனுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கால் இரண்டு பேரும் கதைப்பார்கள். “அம்மம்மாவைக் காட்டு” என்று அவன் கேட்பானாம். கவின் போனைக் கொண்டு வருவான். “தலை வாரி இழுக்கேல்லை, பிறகு கதைக்கிறன்” என்பேன். சட்டை மாற்றவேண்டும் என்பேன். அடுப்பில் கறி என்பேன். இரண்டு வருடமாக அதைத்தான் சொன்னேன்.

செத்த வீட்டுச் சடங்கைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். சங்கத்திலிருந்து நாலு பேர் எங்கள் வீட்டில் வந்திருந்து பார்த்தார்கள். றோஸ்மேரி செபமாலையோடு வந்தார். தாய் எழும்பிப் பேசினாள், கவின் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். ரொறன்ரோவிலிருந்து வந்தபிறகு மகன் அங்கத்தைய கதை அதிகம் சொல்லவில்லையாம். ஒருவரையும் சேர்க்காமல் வந்துவிட்டேன் என்று ஒருமுறை மட்டும் சொன்னானாம். ஏன் என்று சொல்லவில்லையாம்.

எங்களைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று அவன் தன் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

அன்றிரவே கவின் அந்தத் தாய்க்கு எல்லாவற்றையும் எழுதினான். தான் ஏமாற்றி வாங்கின கையெழுத்தையும் மறைக்கவில்லை. ஒரு வரியை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். “உங்கட மகன் எனக்கு ஞானஸ்நானம் தரேல்லை, பொய் சொல்லவேண்டாம் எண்டு காட்டித் தந்தவர்.” என் பேரன் எழுதினான் என்று பெருமையோடு எழுதுகிறேன். அவன் இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சபைக்குப் போகிறான். போகமுன் தகப்பனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். தகப்பன் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார். கவின் கேட்டு முடித்துவிட்டுப் போவான். அவன் சேருவானோ மாட்டானோ எனக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கு முதலில் சொல்லுவான். அதுமட்டும் தெரியும்.

அந்தத் தாய்க்கு நானும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை, உங்கள் சுவரில் தொங்கவிட என்னிடம் படம் இல்லை. நான் உங்கள் சபைக்கு வரமாட்டேன். உங்கள் மகன் கேட்டு வந்த ஒன்றே ஒன்று அவனுடைய கையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நான் கதவைத் திறந்து அவனுக்கு நன்றி சொல்லவில்லை. இதை நீங்கள் வாசிக்கும்போது அவனுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை கண் ஒப்பரேஷனுக்குப் போனேன். ஒரு பெண் கடதாசியையும் பேனையையும் நீட்டி, கீழே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் பேனையை எடுக்கவில்லை. கவினை வாசிக்கச் சொன்னேன். அவன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். ஒரு வரி விளங்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன். மகள் என் தோளைத் தொட்டாள்.

“அம்மா, பின்னால ஆக்கள் நிக்கினம்.”

“நிக்கட்டும்” என்றேன்.